பாதியில் நின்ற பின்னல்

வெர்லீனின் தலையில் இடப்பக்கம் பின்னி முடிந்திருந்தது. வலப்பக்கம் ஆரம்பிக்க வேண்டியதுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்துத்தான் தங்கச்சி ஆர்லெத்தாவுக்கு அந்தக் கேள்வி கேட்கத் தோன்றியது.

“செவ்வாய்க்கிழமை வாரியத்து சார்பா யாரு பேசப்போறாங்கக்கா?”

வெர்லீன் சமையலறை நாற்காலியில் கழுத்தைச் சுற்றித் துண்டு போட்டுக்கொண்டு சர்க்கரைவள்ளிக்கிழங்கை மசித்து வைத்துச் சுட்ட ‘பை’ பலகாரம் தின்றுகொண்டிருந்தாள். வாய் நிறைய இருந்தது வசதியாகப் போயிற்று. மென்றாள். மென்றுகொண்டே இருந்தாள். பஞ்சு மாதிரி இருக்கும் பலகாரத்தை யாரும் அவ்வளவு நேரம் மெல்ல மாட்டார்கள் என்று பின்னால் நிற்பவளுக்குத் தெரியாதா என்ன?

“அக்கா.”

“நான்தான்டி.”

தலையில் ஓடிக்கொண்டிருந்த விரல்கள் நின்றன.

வெர்லீனின் தலைமுடி என்று பெல்மோர் ஊரே நம்பிக்கொண்டிருந்தது உண்மையில் ஒரு டோப்பா. செம்பட்டை நிறம், நெற்றியில் ஒரு அலை, காதோரம் ஒரு சுருள். ஊரின் பெரிய பார்லர் அவளுடையது. அதன் முதலாளியம்மா தலை எப்போதும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று அவள் முடிவு கட்டி முப்பது வருஷம் ஆகிவிட்டது. ஆனால் டோப்பா சரியாக உட்கார வேண்டுமென்றால் அடியிலிருக்கும் அடர்ந்த முடியை மண்டையோடு ஒட்டி, வரிவரியாகப் பின்னிப் படுக்க வைக்க வேண்டும். அந்த வேலை ஆர்லெத்தாவுடையது. ஒன்றுவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சபை ஆராதனை முடிந்து, சாப்பாடும் முடிந்து, இந்தச் சமையலறையில் அது நடக்கும். கூலி, அந்தப் பலகாரம் முழுசாக ஒன்று.

அதுதான் இப்போது தகராறு. அந்த மாநிலத்தில் பணமோ பண்டமோ வாங்கிக்கொண்டு அடுத்தவர் தலைமுடியைத் தொட லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸ் வேண்டுமென்றால் அழகுக்கலைப் பள்ளியில் ஆயிரத்தைந்நூறு மணி நேரம் உட்கார வேண்டும். சாயம் பூச, சுருட்ட, நீட்ட, நகம் வெட்ட எல்லாம் அங்கே சொல்லித் தருவார்கள். பின்னலுக்கு ஒரு மணி நேரம்கூடக் கிடையாது. டிப்போ தெருவில் பின்னல் கடை வைத்திருக்கும் ஆர்லெத்தாவிடம் அந்தக் காகிதம் இல்லை. கோடை பிறப்பதற்குள் வாங்கு, இல்லாவிட்டால் கடையை மூடு என்று, லைசென்ஸ் கொடுக்கும் வாரியத்து ஆள் வந்து கதவில் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார். அவளும் சும்மா இருக்கிற ஆள் இல்லை. அவளைப் போன்ற பெண்கள் சேர்ந்து ஒரு செனட்டரைப் பிடித்து, பின்னலுக்கு லைசென்ஸ் வேண்டாம் என்று ஒரு மசோதா கொண்டுவர வைத்தார்கள். செவ்வாய்க்கிழமை மாநிலத் தலைநகரில் அதைப் பற்றிச் சட்டசபைக் குழு விசாரணை. அங்கே மசோதா செத்தால் ஆர்லெத்தாவின் கடையும் செத்தது.

வாரியம் மசோதாவை எதிர்த்தது. வாரியத்தில் இருந்த ஒரே கறுப்புப் பெண் வெர்லீன். எதிர்த்துப் பேச யாரை அனுப்பினால் மற்றவர்கள் வாயடைத்துப் போவார்கள் என்று இயக்குநர் பின்ச்சர் நன்றாகவே யோசித்திருந்தார்.

ஆர்லெத்தா சீப்பை மேசையில் வைத்தாள். விரலில் இருந்த எண்ணெய்ப்பசையைத் துடைத்தாள்.

“என்னடி பண்ற? இன்னும் பாதி இருக்கு.”

“லைசென்ஸ் இல்லாதவ தலையத் தொட்டா குத்தம்க்கா. குத்தம் பாதியோட போகட்டும். மீதிய வாரியத்துல போய்ப் பின்னிக்கோ.”

“அடியே, குதிக்காத. அந்த லைசென்ஸ் என்ன மரத்துல காய்ச்சுதா? அம்மா காலத்துல நம்ம ஆளுங்களுக்குப் பரீட்சையே வைக்கல. சண்டை போட்டு வாங்கினோம். என் சுவத்துல அது தொங்கினதாலதான் எந்த வெள்ளைக்காரனும் என்னை வேலைய விட்டுத் தூக்க முடியல. முடி உலத்துற டிரையருக்குக் கீழ உக்கார வச்சு, இந்த ஊர்ப் பொம்பளைங்க பாதிப் பேருக்கு ஓட்டுக்குப் பேர் பதியச் சொல்லிக் கொடுத்தேன். ஞாபகம் இருக்கா?”

“இருக்கு. அதுக்கு உன்னைக் கும்பிடுறேன். ஆனா அன்னிக்கு உன்னைக் காப்பாத்தின காகிதம் இன்னிக்கு என் கடையப் பூட்ட வருதே?”

“வெள்ளைக்காரப் பள்ளிக்கூடக் கதவை உனக்குத் தொறந்துவிட்டது யாரு? சர்க்கார். பட்டாளத்தை அனுப்பித் தொறந்துச்சு.”

“உரிமை கேட்டு ஊர்வலம் போனப்ப நம்ம மேல நாயை ஏவினது யாரு? அதுவும் ஒரு சர்க்கார்தான். கதவத் தொறந்ததுக்கு நன்றி சொல்லியாச்சுக்கா. தொறந்ததோட போகலியே! உள்ள வந்து உக்காந்துகிட்டு, நம்ம தலைய நாம எப்படிப் பின்னணும்னு கேக்குது. எப்ப எந்திரிச்சுப் போகும்?” கைப்பையை எடுத்தவள் வாசலில் திரும்பினாள். “உன்கிட்டப் போய்ச் சொல்றேன் பாரு. நம்ம முடி வெளிய தெரிஞ்சா அவமானம்னு ஒரு வெள்ளைக்காரி முடியக் கவுத்து வச்சிருக்கிறவகிட்ட.”

“அது வெள்ளைக்காரி முடி இல்லடி. நைலான்!”

கதவு அறைந்து சாத்திக்கொண்டது. பின்வாசலில் வானொலியில் பேஸ்பால் கேட்டுக்கொண்டிருந்த புருஷன் ஹோசியா, சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தார். நாற்பது வருஷ இல்லறத்தில் கற்ற பாடம் அது.

திங்கட்கிழமை முழுக்க வெர்லீன் கண்ணாடி முன்னால் நின்றாள். அவளிடம் பயிற்சி எடுத்த பெண்கள் மூன்று மாவட்டங்களில் கடை வைத்திருக்கிறார்கள். சுருள்முடியை நேராக்கும் சூட்டுச் சீப்பை அவள் பிடிக்கும் நேர்த்தியைப் பார்க்கவே ஆள் வருவார்கள். ஆனால் இந்த வரிப்பின்னல் அவள் கைக்கு வந்ததே இல்லை. சின்ன வயதில் அம்மாவின் முழங்காலுக்கு இடையில் உட்கார்ந்து ஆர்லெத்தா அதைக் கற்றுக்கொண்டபோது, வெர்லீன் புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள். மூன்று முறை பின்னிப் பார்த்தாள். மூன்று முறையும் ஒரு தடித்த கயிறு வந்தது.

“தூண்டில் கயிறு முறுக்குற மாதிரின்னா நான் முறுக்கித் தரேன்” என்றார் ஹோசியா.

“போய் வேலையப் பாருங்க.”

“இல்லேன்னா அந்தப் பக்கத்தையும் அவுத்துடேன். ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கும்.”

அது சரியான யோசனைதான். அவிழ்த்து, சூட்டுச் சீப்பால் நீட்டினால் அரை மணி நேர வேலை. வெர்லீன் இடப்பக்கத்து முதல் வரிசையின் நுனியைப் பிடித்தாள். பிரிக்கக் கை வரவில்லை. காதிலிருந்து பிடரி வரைக்கும் விரலால் அந்த வரிசையைத் தடவிக்கொண்டே இருந்தாள். தங்கச்சியோடு எத்தனையோ சண்டை போட்டிருக்கிறாள், கல்யாணத்துக்கு, அம்மாவின் சவ அடக்கத்துக்கு, யார் செய்த கோழி உப்பு என்பதற்குக்கூட. எந்தச் சண்டையிலும் ஆர்லெத்தா இப்படிப் பாதியில் எழுந்து போனதில்லை. வெர்லீனுக்கு அழுகை வந்தது. அழுதுவிட்டு, வலப்பக்கத்துக் கயிற்றைச் சுருட்டி ஊசி குத்தி, மேலே டோப்பாவைக் கவிழ்த்தாள். ஒரு பக்கம் சமவெளி, மறுபக்கம் குன்று.

“எப்படி இருக்கு?”

ஹோசியா தலையைச் சாய்த்துப் பார்த்தார். “நான் இப்படிச் சாஞ்சு பார்த்தா நேரா இருக்கு.”

செவ்வாய்க்கிழமை விசாரணை அறையின் பார்வையாளர் வரிசை முழுக்கப் பின்னல்கள். கோபுரமாக, கூடையாக, கிரீடமாக, மணி கோத்து, வண்ண நூல் சுற்றி. தேர்த் திருவிழாவுக்கு வந்தது மாதிரி வந்திருந்தார்கள். நடுவில் ஆர்லெத்தா, எல்லாரையும்விட ஒரு சாண் உயரமான கிரீடத்தோடு. எதிர்ப்பக்கம் வாரியத்து மேசையில் பின்ச்சர், நோட்டீஸ் ஒட்டிய ஆள், இருவருக்கும் நடுவில் கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு வெர்லீன். கழுத்தை ஆட்டினால் குன்று நகர்ந்தது.

முதலில் பேசியது ஆர்லெத்தாதான்.

“எங்கிட்ட வர்ற பொண்ணுங்க வரும்போது தலைகுனிஞ்சு வருவாங்க, போகும்போது நிமிர்ந்து போவாங்க. ‘உன் முடி கெட்ட முடி’ன்னு யாரோ சொன்னதை நம்பி வர்றாங்க. நான் ஒரு ரசாயனமும் போடுறதில்ல, ஒண்ணையும் எரிக்கிறதில்ல. ரெண்டு கை, ஒரு சீப்பு. இதுக்கு நான் யாருகிட்ட அனுமதி கேக்கணும் ஐயா?”

குழுத் தலைவர் கேலவே வெள்ளைக்காரர், வழுக்கைத் தலை. அந்த அறையில் தலைமுடியைப் பற்றிப் பேசத் தனக்குத் தகுதி குறைவு என்று தெரிந்தவர்போல மெதுவாகக் கேட்டார். “சுத்தம் எப்படிம்மா?”

“என் கடைத் தரையில நீங்க சோறு திங்கலாம் ஐயா. ஆனா திங்க விடமாட்டேன். தரை அழுக்காயிரும்.”

சிரிப்பு அடங்கச் சற்று நேரமாயிற்று. தலைவர் இடைவேளை விட்டார்.

வெர்லீன் நேராகப் பெண்கள் கழிவறைக்குப் போனாள். டோப்பாவைக் கழற்றினாள். தண்ணீர் தெறிக்காமல் இருக்கக் கைப்பைக்குள் வைத்தாள். கயிற்றை இன்னும் இறுக்கி ஊசி குத்தப் பார்த்தபோது கண்ணாடியில் ஒரு கிரீடம் தெரிந்தது.

“எங்க வரிசையில இருந்தே பாக்குறேன், குன்று தெரியுது” என்றாள் ஆர்லெத்தா.

“தெரிஞ்சா தெரியட்டும். உனக்கென்ன?”

“எனக்கென்னவா? அந்தத் தலை என் வேலை. பாதிய ஒரு மடச்சி பண்ணின மாதிரி இருக்கு.”

“அந்த மடச்சி நான்தான்.”

“தெரியுது. உக்காரு.”

சுவரோரம் ஒரு பழைய சோபா இருந்தது. வெர்லீன் தரையில் உட்கார்ந்தாள், ஆர்லெத்தா சோபாவில். விரல்கள் வலப்பக்கத்தில் இறங்கின. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறோம் என்று அப்போதுதான் வெர்லீனுக்குத் தெரிந்தது.

“இதுக்காக நான் மாத்திப் பேசுவேன்னு நினைக்காத.”

“நான் கேட்டேனா?”

“தலையில படை வந்த குழந்தைய உங்கிட்டக் கூட்டிட்டு வர்றாங்க. நீ பின்னிவிடுற. அந்தச் சீப்பு அடுத்த தலைக்குப் போகுது. என் கடையில நானே பாத்திருக்கேன். அதைக் கேக்க ஒரு ஆள் வேணுமா, வேணாமா?”

“வேணும். வந்து சீப்பைப் பாக்கட்டும், காபி கூடக் கொடுக்கிறேன். சீப்பு கழுவக் கத்துக்க ஆயிரத்தைந்நூறு மணி நேரமா?”

“இழுக்காதடி, வலிக்குது” என்றாள் வெர்லீன்.

கதவு திறந்தது. சீருடையில் ஒரு பெண் காவலர், இடுப்பில் துப்பாக்கி, நம்ம ஜனம்தான். அக்காவும் தங்கையும் அப்படியே உறைந்துபோனார்கள். எந்தச் சட்டத்தைப் பற்றி அடுத்த அறையில் பேசுகிறார்களோ அந்தச் சட்டத்தை, சட்டம் போடுகிற கட்டடத்துக்குள்ளேயே மீறிக்கொண்டிருந்தார்கள்.

காவலர் கிட்ட வந்து குனிந்து பார்த்தார்.

“இந்த வரிசை காதுகிட்ட வளையுதே. வேணும்னேவா?”

“வேணும்னேதான்” என்றாள் ஆர்லெத்தா.

“அப்ப சரி.” காவலர் வெளியே போய்க் கதவுக்கு முதுகு கொடுத்து நின்றுகொண்டார். யாரோ வந்தார்கள். “குழாய் ரிப்பேர். மேல் மாடிக்குப் போங்க” என்று அவர் சொல்வது கேட்டது.

கடைசி வரிசை முடிந்ததும் ஆர்லெத்தா எழுந்தாள். “நான் முன்னாடி போறேன். ரெண்டு பேரும் சேர்ந்து போனா உன் ஆளு பின்ச்சருக்கு மாரடைப்பு வந்துரும்.” வாசலில் ஒரு கணம் நின்றாள். பின்னி முடித்த தலையை ஒருமுறை பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

அதே சமயம் வெளியே வெர்லீனின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் அரக்கப்பரக்க எழுந்து, பாவாடையைத் தட்டி, வாரியம் எழுதிக் கொடுத்த காகிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தாள். கழுத்து வலி போய்விட்டிருந்தது. தலை லேசாக இருந்தது. நன்றாகத்தான் நடக்கப்போகிறது என்று தோன்றியது.

சாட்சி நாற்காலியில் உட்கார்ந்து ஒலிபெருக்கியைச் சரிசெய்து, மூக்குக்கண்ணாடியைப் போட்டு, வாசிக்க ஆரம்பித்தாள்.

“மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, உரிமம் பெறாதவர்களால் செய்யப்படும் கூந்தல் பின்னல், பொதுமக்களின் உடல்நலத்துக்குப் பெரும் ஆபத்தை விளைவிப்பதாக வாரியம் கருதுகிறது...”

அறையில் அப்படி ஓர் அமைதி. தன் குரல் எடுபடுகிறது என்று நினைத்து இன்னும் கம்பீரமாக வாசித்தாள். இரண்டாவது பத்தியில் பார்வையாளர் பக்கம் யாரோ இருமினார்கள். மூன்றாவது பத்தியில் இருமல் தொற்றிக்கொண்டது. பின்ச்சரின் முகம் வேகவைத்த பீட்ரூட் நிறத்துக்குப் போயிருந்தது. தங்கச்சியைப் பார்த்தாள். அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

ஒவ்வொரு பத்திக்கும் நடுவில் நெற்றி அலையை ஒரு விரலால் ஒதுக்கிவிடுவது வெர்லீனின் வழக்கம். கையை உயர்த்தினாள். அலை இல்லை. விரல் நேராகப் பின்னலில் போய் உட்கார்ந்தது.

முப்பது வருஷமாக, இன்றைக்கு வரைக்கும், புருஷனையும் தங்கச்சியையும் தவிர யாரும் பார்க்காத தலை. டோப்பா மடியில், கைப்பைக்குள்தான் இருந்தது. எடுத்து மாட்டிக்கொள்ளலாம். அவள் பையின் கொக்கியைக்கூடத் திறந்துவிட்டாள். அப்போது பார்வையாளர் வரிசையைப் பார்த்தாள். யாரும் கேலியாகப் பார்க்கவில்லை. முன்வரிசையில் இருந்த ஒரு பெண், வெர்லீனின் கடையில் முடி நீட்டிக்கொள்ள வாராவாரம் வருகிறவள், கழுத்தை நீட்டி ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள், ஒரு நல்ல புடவையைப் பார்ப்பதுபோல.

வெர்லீன் கொக்கியை மூடினாள். காகிதத்தை மடித்தாள்.

“ஐயா, வாரியம் எழுதிக் கொடுத்தது இதுல இருக்கு, நீங்களே படிச்சுக்கலாம். நான் எனக்குத் தோணுறதைச் சொல்றேன். லைசென்ஸை யாராவது கேவலமாப் பேசினா எனக்குக் கோவம் வரும். அது வர்றதுக்கு முன்னாடி நாங்க எப்படி இருந்தோம்னு எனக்குத் தெரியும். சீப்பைக் கழுவினியான்னு சர்க்கார் வந்து கேக்கட்டும். கண்டிப்பாக் கேக்கணும். ஆனா இந்தத் தலை இருக்கே...” அவள் தலையைக் குனிந்து காட்டினாள். “நேத்து முழுக்க நான் கண்ணாடி முன்னாடி நின்னேன். எனக்கு இது வரல. நான் படிச்ச பள்ளிக்கூடம் சொல்லித் தரல. வாரியத்துல இருக்கிற யாருக்கும் வராது. எனக்கே தெரியாத வேலைக்கு, தெரிஞ்சவளுக்கு அனுமதி கொடுக்க நான் யாருங்க?”

அறை ஆரவாரித்தது. தலைவர் சுத்தியலைத் தட்டினார். சட்டப்படி கேட்டாக வேண்டிய கேள்வியைக் கேட்டார்.

“அப்படியானால், அம்மா, இதைச் செய்தது யார்?”

நோட்டீஸ் ஒட்டிய ஆள் நிமிர்ந்தார்.

“அதை நான் சொல்லணும்னா, நீங்க முதல்ல சட்டத்தை மாத்துங்க ஐயா.”

தலைவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும். ஆனால் அவ்வளவு நல்ல பின்னல் பெயரில்லாமல் போவதை ஆர்லெத்தாவால் தாங்க முடியவில்லை.

“நான்தான்! ரெண்டு பக்கமும் நான்தான் பண்ணேன்!”

அப்படியும் மாலைக்குள் மசோதா குழுவைத் தாண்டியது. பின்னலுக்கு லைசென்ஸ் வேண்டாம், சீப்பைக் கழுவும் விதிகள் மட்டும் போதும் என்று ஒரு திருத்தத்தோடு. சட்டமாக இன்னும் இரண்டு படி இருந்தது. அதுவரை டிப்போ தெரு நோட்டீஸை நிறுத்தி வைக்கிறோம் என்று அந்த ஆளே முனகிவிட்டுப் போனார். பின்ச்சர் தாழ்வாரத்தில் வெர்லீனிடம் ஒரே வாக்கியம்தான் சொன்னார். அடுத்த கூட்டத்தில், அவள் வாரியத்தில் இனி இருக்கலாமா என்று பேசுவார்களாம்.

திரும்பி வரும்போது ஹோசியா காரை ஓட்ட, அக்காவும் தங்கையும் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

“நடுவுல சீப்பு விதிய நுழைச்சுட்ட பாத்தியா” என்றாள் ஆர்லெத்தா. “சும்மா இருக்க முடியலையா உன்னால?”

“கழுவுடி. செத்தா போயிருவ?”

கார் நெடுஞ்சாலையில் ஏறியது. வெர்லீன் ஜன்னலைக் கொஞ்சம் இறக்கினாள். பின்னலுக்கு இடையில் காற்று மண்டையில் பட்டது. நன்றாகத்தான் இருந்தது. பிறகு பின்ச்சர் சொன்னதைச் சொன்னாள். “போனாப் போகுது. அந்த நாற்காலியே உனக்குப் பிடிக்காதுல்ல. நானே ராஜினாமா எழுதிக் கொடுத்துடலாம்னு பாக்குறேன்.”

ஆர்லெத்தா சடாரென்று திரும்பினாள். கிரீடம் கார்க் கூரையில் இடித்தது.

“எழுதிக் கொடுப்பியா? கையை ஒடிச்சிருவேன். அவனுங்க உன்னைத் தொடட்டும் பாப்போம், இன்னிக்கு வந்த அத்தனை பேரையும் கூட்டிட்டு வாரியத்து வாசல்ல உக்காருவேன்.”

“அடிப்பாவி! சர்க்கார் எந்திரிச்சுப் போகணும்னு ஞாயித்துக்கிழமை கத்தினது யாரு?”

“போகணும்தான். இப்பவும் சொல்றேன்.” ஆர்லெத்தா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். “ஆனா அது போற வரைக்கும், உள்ள எங்க அக்கா உக்காந்திருக்கணும்.”